2.1-ஆ, 2.0-ஆ, பழைய பெட்டியா: கம்ப்யூட்டரில் பாட்டு கேட்க எந்த ஸ்பீக்கர்?

அக்கா மகன் வேளச்சேரியில் இரண்டு நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தான்.

"மாமா, லேப்டாப்ல பாட்டு கேக்க ஸ்பீக்கர் வாங்கணும். அஞ்சாயிரம் வச்சிருக்கேன். 2.1 வாங்கவா, வேற ஏதாவது பாக்கவா?"

கூடவே வாட்ஸ்அப்பில் ஐந்து படம் வந்தது. யூ.எஸ்.பி வயரில் ஓடும் சின்ன ஜோடி ஒன்று, ஊஃபரோடு (பேஸுக்கென்று தனிப் பெட்டி) வரும் 2.1 ஒன்று, மரப்பெட்டி ஜோடி ஒன்று, ஒரு ப்ளூடூத் டப்பா, ஒரு சவுண்ட்பார். ஐந்தும் ஐந்து வகைச் சாமான். எதை எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல், எல்லாப் படத்திலும் வாட் கணக்கை மட்டும் வட்டம் போட்டு அனுப்பியிருந்தான். அதனால் பேச்சை வாட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது.

## வாட்டை ஓரமாக வைப்போம்

ஒரு காலத்தில் அட்டைப்பெட்டியின் மேல் 1,000 வாட், 2,000 வாட் பி.எம்.பி.ஓ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். பி.எம்.பி.ஓவை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தத் தரநிலையும் கிடையாது. ஆகவே யாரும் எந்த எண்ணையும் போடலாம். ஆர்.எம்.எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று எழுதியிருக்கும் எண்ணைத்தான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளலாம். அதையும் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. பழைய செவ்வக யூ.எஸ்.பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட். யூ.எஸ்.பி 3.0 என்றால் 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். அந்த ஒரே வயரில் மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கரில் 16 வாட் என்று போட்டிருந்தால் மீதி எங்கிருந்து வருகிறது? (டைப்-சி துளை இதைவிட அதிகம் தரும். அது வேறு கணக்கு.)

வாட் உண்மையாகவே இருந்தாலும் பெரிய லாபமில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடும் சத்தம் 3 டெசிபல்தான். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. மேசை முன் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு, பெரும்பாலான நேரம் ஓடுவது ஒரு வாட்டுக்குள்.

## அப்படியானால் எதைப் பார்ப்பது?

குரல். நம் பாட்டு குரலைச் சுற்றிக் கட்டியது. குரல் சரியாக வராத ஸ்பீக்கரில் வேறு என்ன இருந்தும் பயனில்லை. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 131 அதிர்வு. அவர் கீழ் ஸ்தாயியில் மந்திர பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஸட்ஜம் 196, மந்திர பஞ்சமம் 147. இந்த நான்கு எண்ணும் 2.1 பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

பேஸ். பேஸ் கிடாரின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். இரண்டங்குலக் கோன் (அதிர்ந்து ஓசை எழுப்பும் கூம்பு) வைத்த பெட்டி அதன் பக்கத்தில்கூடப் போகாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இயற்பியல் அப்படி. ஸ்பீக்கர்க்காரர்கள் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்றைச் சொல்வார்கள்: ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் கேட்டு வாங்கலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். நல்ல வேளையாகக் காது கொஞ்சம் நமக்குச் சாதகம். அடி ஓசை வராமல் அதன் மேல் ஓசைகள் மட்டும் வந்தாலும், மூளை அடி ஓசையைத் தானே ஊகித்துக்கொள்ளும். செல்போனில் அப்பாவின் கட்டைக்குரல் கட்டைக்குரலாகவே கேட்பது அதனால்தான்.

தணிந்த சவுண்டில் எப்படி? ராத்திரி பதினொரு மணிக்குத்தான் பலருக்கும் பாட்டு கேட்க நேரம் கிடைக்கிறது. சத்தம் குறையக் குறையக் காதுக்குப் பேஸ் முதலில் காணாமல் போகும். 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். கடையில் முழு சவுண்டில் அதிரவைக்கும் பெட்டி, வீட்டில் கால் சவுண்டில் சோனியாகிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் மேசையில் எவ்வளவு இடம் இருக்கிறது, ரிப்பேர் ஆனால் என்ன செய்வது, விலைச் சீட்டில் இல்லாத செலவு என்ன என்ற மூன்று கேள்வி. அவற்றை ஒவ்வொரு வகையோடும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

## யூ.எஸ்.பி வயரில் ஓடும் சின்ன ஜோடி

ஐந்நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரம் சொச்சம் வரை. இந்த வகைக்குள்ளேயே இரண்டு ஜாதி உண்டு.

ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஜோடியைத் திறந்து பார்த்தால் பலவற்றில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பலகை இருக்கும், அதில் பி.ஏ.எம்.8403 என்ற சில்லு. 5 வோல்ட்டில் பக்கத்துக்கு 3 வாட் தரும் என்று எழுதியிருக்கும், அந்த 3 வாட்டும் ஓசை நன்றாகச் சிதைந்த பிறகு கிடைக்கும் கணக்கு. பெட்டி கனமே இருக்காது. மிருதங்கத்தின் வலந்தலை டக் டக்கென்று கேட்கும், இடப்பக்கத் தொப்பி கேட்கவே கேட்காது. ஆன்லைன் வகுப்புக்கும் செய்திக்கும் போதும். பாட்டுக்கு என்றால் வேண்டாம்.

அடுத்த ஜாதியில் கிரியேட்டிவ் பெபிள் போன்றவை வரும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு சவுண்ட் பிளாஸ்டர் கார்டு நினைவிருக்கும், அதே சிங்கப்பூர்க் கம்பெனிதான். பெபிளின் முதல் மாடல் மொத்தம் 4.4 வாட் ஆர்.எம்.எஸ் என்று யோக்கியமாகப் போட்டிருந்தது. உருண்டையாக இருக்கும், கோன் 45 டிகிரி மேலே பார்க்கும். இந்தச் சாய்வு வெறும் அழகுக்கு வைத்ததில்லை. மேசையில் உட்காரும் சின்ன ஸ்பீக்கர் நேராகப் பார்த்தால் அதன் மேல் ஓசையெல்லாம் நம் நெஞ்சுக்குப் போகும், காதுக்கு வராது. பெண் குரல், வீணை, புல்லாங்குழல் எல்லாம் இதில் சுத்தமாக வரும். ஆண் குரல் கொஞ்சம் மெலியும். பேஸ் கிடார் ஊகம்தான்.

மறைவான செலவு ஒன்று உண்டு. லேப்டாப்பில் இரண்டே யூ.எஸ்.பி துளை இருந்தால் ஒன்று இதற்குப் போய்விடும், அடுத்து யூ.எஸ்.பி ஹப் வாங்க வேண்டிவரும். மின்சாரத்துக்கு யூ.எஸ்.பி, ஓசைக்கு 3.5 மி.மீ பின் என இரண்டு வயரும் ஒரே லேப்டாப்பில் செருகும் மாடல்களில் சில சமயம் மௌஸ் நகரும்போது கிரீச் என்று ஒரு மெல்லிய சத்தம் கூடவே வரும். யூ.எஸ்.பியிலேயே ஓசையையும் எடுக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

விடுதி மேசை, அடிக்கடி அறை மாறுபவர், இரண்டாயிரத்துக்கு மேல் முடியாது என்பவர்: இவர்களுக்கு இதுவே சரி. இதைவிட ஆயிரம் ரூபாய் கூடப் போட்டு மட்டமான 2.1 வாங்குவதைவிட நிச்சயமாக இது மேல்.

## 2.1: மேசைக்கு அடியில் ஒரு ஊஃபர்

நம் ஊரில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் என்றாலே பலருக்கும் 2.1-தான். புள்ளிக்கு முன்னால் உள்ள எண் சின்ன ஸ்பீக்கர்கள், பின்னால் உள்ளது ஊஃபர். ஊஃபர் இல்லாத ஜோடி என்றால் 2.0. இரண்டாயிரத்திலிருந்து ஐந்தாயிரத்துக்குள் ஏகப்பட்ட மாடல்.

போன வருடம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் ஒரு கல்லூரிப் பையன். கடைக்காரர் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். கேட்கச் சொல்வதற்கு முன்பே, கை போன போக்கில் ஊஃபர் குமிழைக் கடைசி வரை திருகிவிட்டார். கண்ணாடிக் கவுன்டர் அதிர்ந்தது, மேலே வைத்திருந்த பென்டிரைவ் அட்டை ஒன்று சரிந்து விழுந்தது. "பாத்தீங்களா தம்பி, பேஸு?" பையன் முகத்தில் சிரிப்பு. பணத்தை எடுத்துவிட்டான். அந்தப் பாட்டில் யார் பாடினார் என்பது எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

பிரச்சினை பேஸ் அதிகமாக இருப்பதில் இல்லை, அது எங்கே பிரிகிறது என்பதில் இருக்கிறது. 2.1 செட்டுக்குள் ஓசையை ஒரு கோட்டில் வெட்டி, அதற்குக் கீழே உள்ளதை ஊஃபருக்கும் மேலே உள்ளதைச் சின்ன ஸ்பீக்கர்களுக்கும் அனுப்புவார்கள். 80 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டினால், ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது கண்டுபிடிக்காது, ஊஃபரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் மலிவு செட்டில் சின்ன ஸ்பீக்கரின் கோன் இரண்டு, இரண்டரை அங்குலம். 80 வரை இறங்க அதற்குத் தெம்பு கிடையாது. ஆகவே கோட்டை 150, 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றிவிடுகிறார்கள்.

இப்போது அந்த நான்கு எண்ணையும் எடுத்துப் பாருங்கள். ஒரு கட்டையில் பாடுபவரின் ஸட்ஜம் 131. அதுவே கோட்டுக்குக் கீழே. அவர் ஆலாபனையில் மெல்ல இறங்கி மந்திர பஞ்சமத்தில் நிற்கும்போது, குரலின் உடம்பு மேசைக்கு அடியில் உங்கள் முழங்கால் பக்கத்திலிருந்து வரும், எழுத்தொலிகள் மட்டும் மானிட்டருக்கு இருபுறமும் கேட்கும். ஒரே ஆளை இரண்டாக அறுத்து வைத்த மாதிரி. குத்துப்பாட்டில் இது தெரியாது. கச்சேரியிலும், தனிக்குரலில் தொடங்கும் பழைய சினிமாப் பாட்டிலும் பளிச்சென்று தெரியும்.

கடையிலேயே சோதிக்க வழி இருக்கிறது. ஊஃபர் குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு ஒரு ஆண் பாடகரைப் போடச் சொல்லுங்கள். ஜலதோஷம் பிடித்தவர் டப்பாவுக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்டால், அந்தச் சின்ன ஸ்பீக்கர்களால் குரலைத் தாங்க முடியவில்லை என்று பொருள். பிறகு ஊஃபரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குரல் அறுபடாமல் ஒட்டுகிறதா என்று கேளுங்கள். சின்ன ஸ்பீக்கரின் கோன் மூன்று அங்குலமும் அதற்கு மேலும் உள்ள செட்டுகள் ஓரளவு தேறும். அவற்றின் விலை ஐந்தாயிரத்தைத் தாண்டத் தொடங்கும்.

விலைச் சீட்டில் இல்லாதவை: மூன்று பெட்டியையும் இணைக்கும் வயர்கள் பல செட்டில் அந்தக் கம்பெனிக்கே உரிய பின்னோடு வரும். ஒரு வயர் அறுந்தாலோ, ஊஃபருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் போனாலோ மூன்றும் சேர்ந்து மூலைக்குப் போகும். ஊஃபர் தரையில் உட்காருவதால் அதிர்வு கான்கிரீட் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். சவுண்டைக் குறைத்துவிட்டோம் என்று நீங்கள் நினைப்பீர்கள், கீழ்வீட்டுக்காரருக்கு டும் டும் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று, ஊஃபரின் காற்று ஓட்டை கரப்பான்பூச்சிக்கு அருமையான வீடு. சிரிக்க வேண்டாம், திறந்து பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொன்னாலும் 2.1-க்கு அதன் இடம் உண்டு. மேசையில் உட்காராமல் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பவர்கள், மூன்று நான்கு பேர் சேர்ந்து படம் பார்ப்பவர்கள், கேம் ஆடுபவர்கள், எலக்ட்ரானிக் தாளமுள்ள பாட்டுகளை அதிகம் கேட்பவர்கள் இவர்களுக்கு இந்த விலையில் அந்த அதிர்வை வேறு எதுவும் தராது. என் ருசி வேறு என்பதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன்.

## ஆம்ப் உள்ளே வைத்த மரப்பெட்டி ஜோடி

இதைத்தான் பவர்டு புக்ஷெல்ஃப் என்பார்கள். ஒரு பெட்டிக்குள் ஆம்ப் இருக்கும், மற்றதற்கு ஒரு வயர் போகும். மூன்றிலிருந்து நான்கு அங்குலக் கோன், மேலே தனி ட்வீட்டர் (மேல் ஓசைக்கான குட்டி ஸ்பீக்கர்). குரல் முழுக்க முழுக்க ஒரே பெட்டியிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வரும்.

எடிஃபையர் ஆர்1280டி இந்த வகையில் நெடுநாளாக ஓடும் மாடல். நான்கு அங்குலக் கோன், 13 மி.மீ பட்டுத்துணி ட்வீட்டர், பக்கத்துக்கு 21 வாட் ஆர்.எம்.எஸ். பக்கவாட்டில் பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் தனிக் குமிழ். இதில் ப்ளூடூத் வேண்டுமென்றால் வேறு மாடல் பார்க்க வேண்டும். ப்ரீசோனஸ் ஈரிஸ் 3.5 ஸ்டுடியோ பழக்கத்தில் செய்தது, மூன்றரை அங்குலக் கோன், 80 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று கம்பெனிக் கணக்கு. அதாவது அந்த மந்திர பஞ்சமம் உள்ளே வந்துவிட்டது. பேஸ் கிடாரின் 41 வராது, ஆனால் அதன் இரட்டைப்படி ஓசை 82 வரும், மீதியைக் காது பார்த்துக்கொள்ளும். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டில் பல்லவிக்குக் கீழே பேஸ் கிடார் தன்பாட்டுக்கு ஒரு தனி ராகம் போட்டுக்கொண்டு போகுமே, அது ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து கேட்பது இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. 2.1-இல் அதே இடம் ஒரே "உம்ம்" என்று இருக்கும்.

தடங்கல் விலை. விலை வாரத்துக்கு வாரம் மாறும், ஆனாலும் நல்லவை எட்டு ஆயிரத்திலிருந்து பத்தாயிரத்தை ஒட்டி நிற்கும். ஐந்தாயிரத்துக்குள் இதே வடிவத்தில் மரப்பெட்டிகள் கிடைக்கின்றன, சில நன்றாகவே இருக்கின்றன. வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள்: ட்வீட்டர் உண்மையிலேயே இருக்கிறதா, அலங்காரத்துக்கு ஒரு வளையம் ஒட்டியிருக்கிறதா? தூக்கிப் பார்த்தால் கனம் இருக்கிறதா? விரலால் பக்கப்பலகையைத் தட்டினால் பிளாஸ்டிக் வாளி மாதிரி ஒலித்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மறைவான செலவு மேசைதான். பெட்டி ஒவ்வொன்றும், பின்னால் வயருக்கு விடும் இடத்தையும் சேர்த்து, இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் கேட்கும். இரண்டடி அகல மேசையில் மானிட்டரும் இதுவும் சேர்ந்தால் தட்டு வைக்க இடமிருக்காது. பின்பக்கம் காற்று ஓட்டை உள்ள மாடலைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் வீங்கிவிடும், ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். ஸ்டுடியோ வகைகள் சிலவற்றில் பாட்டு ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து மெல்லிய ஸ்ஸ்ஸ் வரும். பத்தடி தள்ளிக் கேட்காது, இரண்டடியில் ராத்திரி அமைதியில் கேட்கும்.

## பழைய பெட்டி, புது ஆம்ப்

என் மேசையில் இருப்பது இதுதான், ஆகவே கொஞ்சம் பாசத்தோடு எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் பல வீட்டில் சிடி, கேசட் எல்லாம் சேர்ந்த மியூசிக் சிஸ்டம் இருந்தது. சிடி ஓட்டும் பகுதி செத்து இருபது வருடம் ஆகியிருக்கும். கூட வந்த இரண்டு மரப்பெட்டிகள் பரண்மேல் தூங்கும். அந்தப் பெட்டிகளில் பலவற்றில் ஐந்து அங்குலம், ஆறரை அங்குலம் கோன் இருக்கும். இன்று அதே அளவைப் புதிதாக வாங்கப் போனால் பத்தாயிரத்துக்கு மேல். வீடு காலி செய்த ஒருவரிடம் என் ஜோடியை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன்.

இவற்றை ஓட்ட டி.பி.ஏ.3116 என்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு வைத்த உள்ளங்கை அளவு ஆம்ப் போதும். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் பெட்டியோடு கிடைக்கிறது. இது 26 வோல்ட் வரை தாங்கும், ஆகவே வீட்டில் கிடக்கும் பழைய 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரே இதற்கு மின்சாரம் தந்துவிடும், பின் மட்டும் பொருந்த வேண்டும். 8 ஓம் பெட்டிக்குப் பக்கத்துக்கு சுமார் 20 வாட் கிடைக்கும். அறைக்கு அது ஏராளம்.

பழைய பெட்டி வாங்கும்போது துணி மூடியைக் கழற்றி, கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் முப்பது வருடமானாலும் மெத்தென்று இருக்கும். நுரை என்றால் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் மக்கிப்போயிருக்கும். நான் வாங்கியதில் ஒன்றின் விளிம்பு விரல் பட்டதும் பழைய பஞ்சு மிட்டாய் போல உதிர்ந்தது, விலையில் முந்நூறு குறைத்துக்கொண்டு விளிம்பை மாற்றிக்கொண்டேன். பிறகு ஒரு சாதாரண 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் இரு முனையையும் ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். டொக் என்று கோன் முன்னால் வந்தால் உயிர் இருக்கிறது, பிளஸ் எது என்பதும் தெரிந்துவிட்டது. கரகரவென்றால் சுருள் உரசுகிறது, வேண்டாம்.

அந்த பிளஸ், மைனஸ் முக்கியம். ஒரு பெட்டியில் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் நடுவில் நிற்க வேண்டிய குரல் அறை முழுக்கச் சிதறிவிடும், பேஸும் காணாமல் போகும். எனக்கு முதல் நாள் இதுதான் நடந்தது. ஒரு மணி நேரம் பெட்டியையும், ஆம்பையும், விற்றவரையும் திட்டிய பிறகு பார்த்தால் என் வயர்தான் தலைகீழ்.

செலவில் வயர், பின், அலைச்சல் சேரும். நுரை போயிருந்தால் மாற்றிக் கட்டக் கொஞ்சம் பணமும் பொறுமையும் வேண்டும். ஊர்ப்பக்கம் என்றால் மைக்செட் வைத்திருப்பவரிடம் கேட்டால் யார் கட்டித் தருவார் என்று சொல்லிவிடுவார். ஆனால் இந்த வகையில் எது போனாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆம்ப் போனால் ஆம்ப், சார்ஜர் போனால் சார்ஜர். மற்ற எந்த வகைக்கும் இந்த வசதி இல்லை.

சொந்த வீடு, நிலையான மேசை, ஒரு மாதம் காத்திருக்கும் மனசு இருந்தால் ஐந்தாயிரத்துக்குள் இதற்கு இணை இல்லை. வருடத்துக்கு ஒரு அறை மாறும் பையனுக்கு இதைச் சொல்லமாட்டேன்.

## ப்ளூடூத் டப்பா, சவுண்ட்பார்

சுருக்கமாக முடித்துவிடலாம். ப்ளூடூத் டப்பா மொட்டைமாடிக்கும் சமையலறைக்கும் நல்லது. மேசையில் வைத்தால் இடம், வலம் என்பதே போய்விடும். வீடியோவில் உதடு அசைந்த பிறகு குரல் வரும், பல பிளேயர்கள் அதைச் சரிக்கட்டினாலும் கேமில் தப்ப முடியாது. இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி தளர்ந்துவிடும். சவுண்ட்பார் மானிட்டருக்குக் கீழே அழகாக உட்காரும், ஆனால் நாற்பது சென்டிமீட்டர் குழாய்க்குள் வயலின் எங்கே, மிருதங்கம் எங்கே என்று பிரித்து வைக்க இடமில்லை. மேசை மிகவும் குறுகல் என்றால் மட்டும்.

ஹெட்ஃபோன் இந்தப் பட்டியலில் இல்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்: இரண்டாயிரம் ரூபாய் ஹெட்ஃபோன் தரும் நுணுக்கத்தை எட்டாயிரம் ரூபாய் ஸ்பீக்கரும் தராது. சென்னை மே மாதத்தில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார முடிந்தால் சரி.

## ஒரே பார்வையில்

| வகை | விலை (சுமாராக) | குரல் | பேஸ் | விலைச் சீட்டில் இல்லாதது | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| யூ.எஸ்.பி ஜோடி | 500 – 2,500 | பெண் குரல் சுத்தம், ஆண் குரல் மெலிவு | ஊகம் | யூ.எஸ்.பி ஹப் | விடுதி, சின்ன மேசை |
| 2.1 | 2,000 – 5,000 | இரண்டாகப் பிரியும் | நிறைய, தெளிவு குறைவு | கீழ்வீட்டுச் சண்டை, ரிப்பேர் இல்லை | படம், கேம், கூட்டம் |
| பவர்டு மரப்பெட்டி | 4,000 – 10,000 | முழுசாக வரும் | அளவாக, தெளிவாக | பெரிய மேசை | பாட்டுக்காகவே வாங்குபவர் |
| பழைய பெட்டி + ஆம்ப் | 2,500 – 5,000 | முழுசாக வரும் | ஆழமாக | அலைச்சல், நுரை | நிலையான வீடு |
| ப்ளூடூத், சவுண்ட்பார் | 1,500 – 5,000 | பரவாயில்லை | டப்பாவைப் பொறுத்தது | பேட்டரி | மாடி, குறுகிய மேசை |

## என்ன சொன்னேன்

அக்கா மகனிடம் மூன்று கேள்வி கேட்டேன். மேசை எவ்வளவு அகலம்? நாலடி. கட்டிலில் படுத்துக் கேட்பாயா, மேசையிலா? "வேலை பாத்துக்கிட்டே கேப்பேன் மாமா." மற்ற இரண்டு பேரும் சேர்ந்து கேட்பார்களா? "அவனுங்க ஹெட்செட் மாட்டிக்கிட்டு கேம் ஆடுவானுங்க."

அப்படியானால் ஊஃபர் எதற்கு? பட்ஜெட்டுக்குள் நான்கு அங்குலக் கோன், உண்மையான ட்வீட்டர் உள்ள மரப்பெட்டி ஜோடி ஒன்றை எடுக்கச் சொன்னேன். இன்னும் மூன்று மாதம் பொறுக்க முடிந்தால் எட்டாயிரம் மாடலுக்குப் போ என்றும் சொன்னேன். பொறுக்கவில்லை, அன்றைக்கே வாங்கிவிட்டான். திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் ராத்திரி தணிந்த சவுண்டில் ஒரு முறை, ஒரு ஆண் குரலில் ஒரு முறை கேட்டுப்பார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இரண்டு பெட்டிக்கும் இருக்கும் இடைவெளியும், அவற்றிலிருந்து காதுக்கு இருக்கும் தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும், அடியில் தடித்த புத்தகம் வைத்து ட்வீட்டரைக் காது உயரத்துக்குக் கொண்டுவா, அதற்குச் செலவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி போன்.

"மாமா, பாட்டு சூப்பரா இருக்கு. ஆனா பாட்டு நின்னா கொர்ர்ருனு ஒரு சத்தம். பெட்டி மோசமா?"

"லேப்டாப் சார்ஜர் போட்டிருக்கியா?"

"ஆமா."

"அதப் பிடுங்கு."

ஒரு நொடி அமைதி. "போயிடுச்சு."

சார்ஜரும் ஸ்பீக்கரும் தனித்தனியாகச் சுவரில் செருகியிருக்கும்போது, எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகி அந்த 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசை, பாட்டு வரும் ஆக்ஸ் வயரில் ஏறிவிடும். இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் போடச் சொன்னேன், பாதி குறைந்தது. மீதிக்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னச் சாமான் இருக்கிறது, ஆக்ஸ் வயருக்கு நடுவில் மாட்டுவது, சில நூறு ரூபாய். எர்த் பின்னை ஒடித்துவிடலாமா என்று கேட்டான். அந்த வேலையை மட்டும் செய்யாதே என்று சத்தம் போட்டுவிட்டு, ஐசொலேட்டரை நானே ஆர்டர் செய்தேன்.